தொழில்நெறி வழிகாட்டல் (கடலூர் – சிதம்பரம் வட்டாரம்)

படிப்பை முடித்தவருக்கும் பாதியில் விட்டவருக்கும் அடுத்து என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம், அதற்கான பயிற்சி எங்கே கிடைக்கும் என்று எடுத்துச் சொல்லும் பணியைத் தொழில்நெறி வழிகாட்டல் என்பர். கடலூர் மாவட்டத்தில் அதற்கென உள்ள அரசு அலுவலகத்தின் முழுப் பெயர் 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்'. ஊர்ப் பேச்சில் அது இன்றைக்கும் 'எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்'தான். பெயரின் முதல் பாதியை மட்டுமே மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

கடலூரின் ஆட்சிப் பகுதி மஞ்சக்குப்பம். பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிக்கப்படுவதற்கு முன்பிருந்தே கலெக்டர் அலுவலகமும் மற்ற அலுவலகங்களும் இங்கே கூடியிருக்கின்றன. காலை பத்து மணிக்குக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தே வளரும் பிள்ளைக்கு, வேலை என்றால் அரசாங்க உத்தியோகம் என்று தோன்றுவதில் வியப்பில்லை. 1934இல் இதே மஞ்சக்குப்பத்தில் பிறந்த எழுத்தாளர் ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை கற்றார். அவருக்கு எந்த ஆபீசும் வழி சொல்லவில்லை.

பதிவும் காத்திருப்பும். வேலைவாய்ப்பு அலுவலகங்கள் இந்தியாவில் 1945இல் தோன்றின. உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித்தருவதே அப்போதைய நோக்கம். 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. காலியிடங்களை இந்த அலுவலகங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. பதிவு மூப்புப்படி பெயர்கள் பரிந்துரைக்கப்பட்டதால், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே பதிவதும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதும் குடும்பக் கடமைகளாயின. புதுப்பிக்கத் தவறினால் மூப்புப் போய்விடும் என்பதால், வெளியூரில் இருக்கும் மகனுக்காக அப்பா வரிசையில் நிற்பது அந்நாளில் சாதாரணக் காட்சி. பரிந்துரைப் பட்டியலோடு நிற்காமல் விளம்பரம் செய்தும் ஆள் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்ன பிறகு பதிவு அட்டையின் மவுசு குறைந்தது. பதிவு இப்போது இணையவழியில் நடக்கிறது. ஐந்தாண்டு காத்திருந்தும் வேலை கிடைக்காதவருக்குத் தகுதியைப் பொறுத்து மாதம் 200 ரூபாய் முதல் 600 ரூபாய் வரை உதவித்தொகை உண்டு. போட்டித் தேர்வு எழுதுவோருக்கான இலவச வகுப்புகளைத் 'தன்னார்வப் பயிலும் வட்டம்' நடத்துகிறது. தனியார் துறை முகாம்களும் நடக்கின்றன.

பள்ளியிலேயே தொடங்கும் திட்டங்கள். தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று மாணவர்களுக்கு வழிகாட்டும் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் வந்த 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கானவை. மேலே படிக்காமல் நின்றுவிட்டவர்களைத் தேடிக் கூப்பிடுவது 'உயர்வுக்குப் படி'. மூன்றில் இந்த வட்டாரத்துக்கு மிகவும் வேண்டியது கடைசியாகச் சொன்னதுதான். நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கு வழி சொல்ல ஆள் எப்போதும் உண்டு.

ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்). வழிகாட்டும் மேடைகளில் போதிய நேரம் பெறாத செய்தி ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பு முடித்து ஐடிஐ படித்தவர் மொழித்தேர்வு எழுதினால் பத்தாம் வகுப்புக்கு இணையான தகுதி பெறலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐ படித்தவருக்கு அவ்வாறே பன்னிரண்டுக்கு இணையான தகுதி கிடைக்கும். ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அங்கிருந்து பொறியியல் கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டு. ஆக, ஐடிஐ முட்டுச்சந்து அல்ல. 2022இல் அரசு 2,877.43 கோடி ரூபாய் மதிப்பில் 71 ஐடிஐகளை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மேம்படுத்தும் பணியைத் தொடங்கியது. கடலூர், சிதம்பரம் இரண்டிலும் அரசு ஐடிஐ உண்டு.

உள்ளூர்த் தொழில்கள். 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனம் மாவட்டத்தின் பெரிய வேலைக்களம். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் படித்தவர்களை 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி ஆண்டுதோறும் பயிற்சிக்கு எடுக்கிறது. பயிற்சி முடித்தாலே வேலை என்று நம்பிப் போகிறவர்கள் அதிகம். சட்டம் அப்படி உறுதி தரவில்லை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்டுப் போராடிவருவது தனிக் கதை. சுரங்கம் வெட்டும்போது கிடைத்த வெள்ளைக் களிமண் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலை வளர்த்தது. அங்கே பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசு நிறுவனமும் இருக்கிறது. இப்படி ஒரு படிப்பு இருப்பதே மாவட்டத்தின் பல மாணவர்களுக்குத் தெரியாது.

நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலை 1842இல் தோன்றியது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ரசாயன, மருந்து ஆலைகள் உள்ளன. அங்கே வேதியியல் படித்தவருக்கு இடம் உண்டு. ஆனால் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் காற்றும் நிலத்தடி நீரும் கெட்ட வருத்தம் உண்டு. பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை உடைப்பதும் தோல் நீக்குவதும் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள் கையில். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த 'தானே' புயல் முந்திரி, பலா மரங்களைச் சாய்த்துப்போட்டது. கன்று நட்டுக் காய்க்கும்வரை பல குடும்பங்களின் பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்களுக்கு மதிப்புக்கூட்டல், ஏற்றுமதி, கணக்கு போன்ற வேலைகளைச் சொல்லித்தருவது வழிகாட்டலின் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

சிதம்பரத்தில் 1929 முதல் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம்தான் ஊரின் பெரிய வேலைதரு நிறுவனமும். 1979இல் தொடங்கிய அதன் தொலைதூரக் கல்வி, வேலையில் இருந்தபடியே பட்டம் வாங்க எத்தனையோ பேருக்கு வழிவிட்டது. நிதி நெருக்கடிக்குப் பின் 2013இல் அரசு நிர்வாகத்தை ஏற்றது. மிகுதியாக இருந்த ஊழியர்கள் பிற அரசுக் கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் அனுப்பப்பட்டனர். பல்கலைக்கழகத்தின் கடல்சார் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. இறால் வளர்ப்பு, அலையாத்திக் காடு, மீன் நோய் என்று அங்கே ஆராயப்படுவதெல்லாம் பக்கத்துக் குப்பத்துப் பையன் கண்ணால் கண்டு வளர்ந்தவை. ஆனால் அந்த வாசலுக்குள் நுழைய அவனுக்கு பி.எஸ்சி. விலங்கியல் போன்ற பட்டம் வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். அதை யாராவது பத்தாம் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வெளிநாடு. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களில் வழிகாட்டல் என்பது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மாமாவின் தொலைபேசி அழைப்பு. விசா, சம்பளம், தங்குமிடம் எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். இதற்கென அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கிவருகிறது. ஊரில் ஏஜெண்டைத் தெரிந்த அளவுக்கு அதைத் தெரிந்தவர்கள் இல்லை.