ஓலையா, செம்பா, கல்லா? - நாஞ்சில் நாட்டு டேப்லெட் கணக்கு

டேப்லெட் வாங்கணும்னு ஒரு சாஃப்ட்வேர்க்காரன்கிட்ட யோசனை கேட்டா, அவன் பதில் சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேப்பான். எவ்வளவு ரூபா வச்சிருக்கீங்க? என்ன வேலைக்கு? எத்தனை வருஷம் ஓடணும்? இந்த மூணும் ஒண்ணா ஒரே மாடல்ல கிடைக்கிறது கஷ்டம். விலை குறைஞ்சதை எடுத்தா ரெண்டு ஆப் திறந்ததும் மூச்சு வாங்கும். வேகமானதை எடுத்தா பர்ஸ் தாங்காது. ரெண்டும் சரியா அமைஞ்சா மூணாம் வருஷம் அப்டேட் நின்னு போகும்.

இது நம்ம தலைமுறைக்கு மட்டும் வந்த தலைவலின்னு நினைச்சுக்கிடாதீங்க. டேப்லெட்டுங்கிற வார்த்தைக்கே பழைய அர்த்தம் எழுதும் பலகை, எழுத்து பொறிச்ச தகடு. அந்த அர்த்தத்துல பாத்தா நம்ம நாஞ்சில் நாட்டுலயும் அதை ஒட்டின கல்குளம், விளவங்கோடு பக்கமும் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே மூணு மாடல் புழக்கத்துல இருந்திருக்கு. கல், செம்பு, பனை ஓலை. எதுல எழுதுறதுன்னு தீர்மானிக்க அவங்களும் இதே மூணு கேள்வியைத்தான் கேட்டிருக்கணும். அந்தத் தேர்வால இன்னைக்கு நமக்கு என்ன கிடைச்சுது, என்ன போச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு.

மாடல் 1: கல்

மார்த்தாண்டம் பக்கத்துல சிதறால் மலை தெரியும்லா? ஞாயித்துக்கிழமை கூட்டமா போய் போட்டோ எடுத்துட்டு வர்ற இடம். அதோட பழைய பேரு திருச்சாரணத்து மலை, சமணர் இடம். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனோட 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒண்ணு அங்க இருக்கு. குணந்தாங்கிக் குறத்தின்னு ஒரு பெண் துறவி அங்க உள்ள தேவிக்குப் பொன் நகை கொடுத்த சேதி. (குறத்தின்னா இங்க சமண ஆசிரியை. குறிஞ்சி நிலக் குறத்தி இல்ல.) ஏறக்குறைய 1100 வருஷம் ஆச்சு. அந்த அம்மா பேரை இன்னைக்கும் வாசிக்க முடியுது.

ஆயுள்ல கல்லை அடிக்க ஆளில்ல. கரையான் தின்னாது, நெருப்புக்குப் பயமில்ல, மழை மெதுவாத்தான் அரிக்கும். ஆனா விலை? கல் வெட்டுற தச்சன், வாசகம் எழுதித் தர்ற ஆள், எல்லாத்துக்கும் மேல எழுத்துக்கு இடம் தர ஒரு கோயில் சுவர். இதெல்லாம் யாரால முடியும்? ராஜாவால முடியும், கோயிலால முடியும், பெரிய கொடை கொடுத்தவங்களால முடியும். கன்னியாகுமரி பகவதி கோயில்ல வீரராஜேந்திர சோழன் தன் வம்சப் பெருமையை சம்ஸ்கிருதத்துல நீளமா வெட்டி வச்சது அந்த ரகம்.

செயல்திறன்னு பாத்தா கல் சுமார்தான். தூக்கிட்டுப் போக முடியாது. தப்பா வெட்டினா திருத்துறது பெரும்பாடு. ஒரு வரி கூடுதலா எழுத தனிச் செலவு. அதனால கல்வெட்டுல சுருக்கமா, சடங்கு மாதிரிதான் பேச்சு இருக்கும். யாரு கொடுத்தது, என்ன கொடுத்தது, எதுக்கு, சூரியன் சந்திரன் உள்ளவரை. அவ்வளவுதான்.

மாடல் 2: செப்பேடு

முஞ்சிறை பக்கத்துல பார்த்திவசேகரபுரம். ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866-ல இங்க விஷ்ணு கோயிலோட ஒரு சாலையும் ஏற்படுத்தினான். சாலைன்னா ரோடு இல்ல. தங்கிப் படிக்கிற கல்விச்சாலை, 95 மாணவர்களுக்கு இடம். அந்த ஏற்பாட்டை செப்பேட்டுல எழுதி வச்சான்.

இதுக்கு ஏன் செம்பு? செப்பேட்டோட உள்ளடக்கத்தைப் பாத்தா புரியும். கோயில் இருக்கிற நிலம் முஞ்சிறைச் சபைக்குச் சொந்தம். ராஜா அதை வாங்கிக்கிட்டு பதிலுக்கு வேற நிலம் கொடுத்திருக்கான். நம்ம பாஷையில சொன்னா இது ஒரு பத்திரம். நாளைக்கு வழக்கு வந்தா எடுத்துக் காட்டணும், அதனால கையில கொண்டுபோற மாதிரி இருக்கணும். பேரன் காலத்துலயும் இருக்கணும். கல் நகராது, ஓலை நிக்காது. நடுவுல செம்பு. அதுலயே சாலையில படிக்க என்ன தகுதி வேணும், உள்ள சண்டை போட்டா என்ன தண்டம்னு விதிகளும் இருக்கு. அந்தக் காலத்து ஹாஸ்டல் ரூல்ஸ் :-)

இந்த ஏடு பின்னால திருவனந்தபுரத்துல ஹஜூர் கச்சேரியில இருந்து கிடைச்சதால ‘ஹஜூர் ஆபீஸ் செப்பேடு’ன்னே பேராயிடுச்சு. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல து.அ. கோபிநாதராவ் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில இதைப் பதிப்பிச்சார்.

செம்புக்கு ஒரு பலவீனம் உண்டு. எழுத்தை அழிச்சாலும் உலோகத்துக்கு விலை இருக்கு. உருக்கினா பானை, விளக்கு, காசு. மண்ணுல துரு பிடிச்சுப் போனதை விட, மனுஷன் கைபட்டு உலையில போற ஆபத்துதான் அதுக்கு அதிகம்.

மாடல் 3: ஓலை

இப்ப பட்ஜெட் மாடலுக்கு வருவோம். குமரி மாவட்டத்துல பனைமரத்துக்கு என்ன பஞ்சம்? குருத்தோலையை வெட்டி, காய வச்சு, வெந்நீர்ல அவிச்சு, மறுபடி உலர்த்தி, சங்கு மாதிரி வழவழப்பான ஒண்ணால தேய்ச்சு, அளவா நறுக்கி, துளை போட்டு, கயிறு கோத்தா ஏடு ரெடி. எழுத்தாணியால கீறி, விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் பூசினா எழுத்து கறுப்பா எழும்பும். கொஞ்சம் வசதியானவங்களுக்கு தாளிப்பனை ஓலை. அது மெல்லிசு, வளையும், அகலம் கூட.

விலையில இதை அடிக்க முடியாது. வேகத்துலயும் அப்படித்தான். பழகின கணக்கன் மடியில ஓலையை வச்சு சரசரன்னு கீறிட்டே போவான். இடம் பத்தலன்னா இன்னொரு ஓலை. மூட்டையா கட்டித் தூக்கலாம்.

குறை இல்லாமலா? இருக்கு. புள்ளி வச்சா ஓலை கிழியும்னு மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்க. எகரம் ஏகாரம் வித்தியாசம் தெரியாது, காலும் ரகரமும் ஒண்ணு போல இருக்கும். எது எதுன்னு படிக்கிறவன்தான் யூகிக்கணும். உ.வே.சா. 1887-ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க அத்தனை பிரதிகளைத் தேடி ஒப்பிட்டது சும்மா இல்ல.

ஆயுள்தான் பெரிய சிக்கல். நல்லா பராமரிச்சா ஓலை முந்நூறு, நானூறு வருஷம் தாங்கும். நம்ம ஊருக்கு தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் வரும். ஈரமும் கரையானும் சேந்தா பரண்ல கிடக்கிற கட்டு பொடியாகிப் போகும்.

அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இது நல்லாத் தெரியும். அதனால சோழர் காலத்திலேயே அரசன் வாயால சொன்ன உத்தரவு முதல்ல ஓலையில ஏறும். அதுக்குன்னே திருமந்திர ஓலை, ஓலைநாயகம்னு அதிகாரிங்க. சரிபாத்து, கணக்குல பதிஞ்சு, நிலைக்க வேண்டியதை மட்டும் கல்லுக்கோ செம்புக்கோ அனுப்புவாங்க. தினசரி வேலைக்கு ஒண்ணு, நிரந்தர பேக்கப்புக்கு ஒண்ணு. இன்னைக்கு டேட்டா சென்டர்ல நாங்க செய்றதும் அதுதான்.

விலையில என்ன ஒளிஞ்சிருக்கு?

இதுவரைக்கும் வெறும் ஸ்பெக் ஒப்பீடு. நான் சொல்ல வந்தது இனிமேதான் இருக்கு.

கல்லும் செம்பும் விலை கூடுனதால, அதுல யாரு பேரு ஏறுதுங்கிறதை காசுதான் தீர்மானிச்சுது. கொடுத்தவன் பேரு இருக்கும், பெற்ற கோயில் பேரு இருக்கும். வயல்ல நின்னவன் பேரு அபூர்வம். அவனைப் பத்தித் தெரியணும்னா ஓலைக்குத்தான் போகணும்.

அழகியபாண்டியபுரத்துல பெரிய வீட்டு முதலியார்னு ஒரு குடும்பம். நாஞ்சில் நாட்டு நிர்வாகத்துல செல்வாக்கா இருந்தவங்க. அவங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா ஓலைக் கட்டுகள் சேந்து கிடந்தது. தேரூர்ல பிறந்த நம்ம கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876-1954) அதைக் கண்டெடுத்து, படிச்சு, வெளி உலகத்துக்குச் சொன்னார். அவரை ‘குழந்தைப் பாட்டு கவிமணி’யா மட்டும் தெரிஞ்சவங்க இதைக் குறிச்சுக்கிடுங்க, அவர் நல்ல வரலாற்று ஆய்வாளரும்கூட. பின்னால ஆய்வாளர் அ.கா. பெருமாள் ‘முதலியார் ஓலைகள்’னு புத்தகமாவே கொண்டு வந்தார்.

அதுல என்ன இருக்கு? நிலம் வித்தது, ஒத்தி வச்சது, வரி பாக்கி, கடன், ஊர்த் தகராறு. அப்புறம் மனுஷங்களை வித்த ஓலைகள். ஆமா, அடிமை ஓலை. வயலை வித்த அதே எழுத்துல, அதே கணக்கு மொழியில, ஒரு மனுஷனை இன்னார் இன்னாருக்குக் கொடுத்தாருன்னு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்காங்க. திருவிதாங்கூர்ல அடிமை முறையை ஒழிச்ச அறிவிப்பு 1855-லதான் வந்துது. அது வரைக்கும் இது சட்டப்படி செல்லுபடியான பத்திரம்.

இந்தச் சேதியை எந்தக் கோயில் சுவரும் இவ்வளவு விவரமா சொல்லாது. கல்லுல வெட்ட யாருக்கும் தேவை இருந்திருக்காது, செலவு பண்ணவும் மாட்டாங்க. ஓலை மலிவா இருந்ததாலதான் அன்றாட அசிங்கங்களும் பதிவாச்சு. உயர்ந்த மாடல்ல பெருமை தங்கிச்சு, பட்ஜெட் மாடல்ல உண்மை தங்கிச்சுன்னு சொன்னா ரொம்ப மிகையில்ல.

ஆனா அந்த பட்ஜெட் மாடல்தான் சீக்கிரம் சாகுறது! அங்கதான் வயித்தைக் கலக்குது. ஒரு முதலியார் வீட்டுக் கட்டு தப்பிச்சுது. தப்பாத வீடுகள் எத்தனையோ.

ஆயுள் பொருள்ல மட்டுமா இருக்கு?

மெசபொட்டேமியாவுல ஈரக் களிமண் பலகையில எழுதினாங்க. கி.மு. 612-ல நினிவே நகரம் எரிஞ்சப்ப, அஷூர்பனிபால் நூலகத்துப் பலகைகள் பல தீயில வெந்து செங்கல் மாதிரி கெட்டியாச்சு. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தும் படிக்க முடிஞ்சுது. யாரும் பாத்துக்காமலே பிழைச்ச மாடல் அது.

நம்ம ஓலைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல, நெருப்பு பட்டா சாம்பல். அப்படியிருந்தும் சங்கப் பாட்டு ரெண்டாயிரம் வருஷம் தாண்டி வந்திருக்கு. ரெண்டாயிரம் வருஷ ஓலை எங்கயும் கிடையாது. அப்ப எப்படி வந்துது? ஒவ்வொரு கட்டும் நொறுங்குறதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் உக்காந்து புது ஓலையில பாத்து எழுதியிருக்கார். அவர் செத்த பிறகு இன்னொருத்தர். டிவைஸ் மாறிக்கிட்டே இருந்துது, டேட்டா மாறல.

நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுறதை நாம வருஷா வருஷம் பாக்கோம். வீடுகள்ல பூஜை வச்சு, பூஜை எடுக்கிற நாளும் அதுதான். ஏடு இருந்த காலத்துல அது பராமரிப்பு நாளும்கூட. கட்டை அவிழ்த்து, தூசி தட்டி, காத்தாட வச்சு, எண்ணெய் பூசி மறுபடி கட்டுவாங்க. சாமி பேரைச் சொல்லி வருஷத்துக்கு ஒரு மெயின்டனன்ஸ். எவன் யோசிச்சானோ, பெரிய கெட்டிக்காரன்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. தென் திருவிதாங்கூர்ல 18-ஆம் நூற்றாண்டு வரைக்கும் வட்டெழுத்து புழக்கத்துல இருந்துது. இன்னைக்கு அதை வாசிக்கத் தெரிஞ்சவங்களை விரல் விட்டு எண்ணலாம். ஓலை முழுசா இருந்தும் படிக்க ஆளில்லன்னா, ஃபைல் இருக்கு, திறக்க சாஃப்ட்வேர் இல்லங்கிற கதை. பாமினி எழுத்துருவுல டைப் பண்ணின பழைய டாகுமென்டை இப்ப திறந்து பாருங்க, இந்த வலி புரியும்.

சரி, இப்ப கடைக்குப் போவோம்

2011 அக்டோபர்ல மத்திய அரசு ‘ஆகாஷ்’ டேப்லெட்டை அறிமுகம் செஞ்சுது ஞாபகம் இருக்கா? மாணவர்களுக்கு மலிவு விலையில. 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்.பி. ரேம், அழுத்தினாத்தான் கேக்கிற தொடுதிரை. நோக்கம் நல்ல நோக்கம், ஓலையோட நோக்கமேதான், எல்லார் கையிலயும் போய்ச் சேரணும். ஆனா விலையை மட்டும் பிடிச்சுக்கிட்டதால மத்த ரெண்டும் கைவிட்டுப் போச்சு. அடுத்த வருஷமே ஒரு கிகாஹெர்ட்ஸ் பிராசஸரோட ஆகாஷ்-2 வர வேண்டியதாச்சு.

அதனால என் யோசனை இதுதான். விலை முதல்ல பாருங்க, தப்பில்ல. அடுத்து கம்பெனி எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் தருதுன்னு பாருங்க. சில கம்பெனிகள் இப்ப சில மாடலுக்கு ஏழு வருஷம் வரைக்கும் வாக்கு கொடுக்காங்க. பேட்டரி மாத்த முடியுமான்னு கேளுங்க. உள்ள இருக்கிறதை வேற இடத்துக்கு சுலபமா எடுக்க முடியுமான்னு கண்டிப்பா பாருங்க. எந்த டேப்லெட்டும் கல் இல்ல. எல்லாமே ஓலைதான். நகல் எடுக்கிறவன் இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு உயிர்.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க பழைய வீட்டுல, பரண்ல, மரப்பெட்டியில ஓலைக் கட்டு ஏதாவது இருக்கான்னு இந்த லீவுக்கு ஒரு தடவை தேடிப் பாருங்க. ஜாதகமா இருக்கட்டும், வைத்தியமா இருக்கட்டும், வெறும் கடன் பத்திரமா இருக்கட்டும். ‘இதுல என்ன இருக்கப் போகுது’ன்னு அடுப்புல போட்டுராதீங்க. பலவந்தமா பிரிக்காதீங்க, ஒட்டியிருந்தா உடையும். பிரிஞ்சிருந்தா மட்டும் நல்ல வெளிச்சத்துல ஒவ்வொரு ஏடா போட்டோ எடுங்க. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையும், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் இதுக்குன்னே இருக்கு, அங்க கேளுங்க. ராஜாக்களைப் பத்தி கல்லு சொல்லிக்கும். உங்க ஊர்க்காரனைப் பத்திச் சொல்ல அந்தக் கட்டு ஒண்ணுதான் மிச்சமா இருக்கலாம்.