ஒரு முழம் பெற்றோல் ஹோஸின் வரலாறு

ஊர் உறவுகளுக்கு ஒரு நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்றைக்கே வாசியுங்கள்.

பழைய பைக் ஒன்றைத் திருத்துவது பற்றி நம்ம ஊர் ஆட்கள் பேசத் தொடங்கினால் பிஸ்டன், ரிங், காபரேட்டர், குரோம், பெயின்ட் என்று பேச்சு நீளும். டாங்கியிலிருந்து காபரேட்டருக்குப் போகும் ஒரு முழம் ஹோஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பைக்கிலேயே மலிவான சாமான்களில் அதுவும் ஒன்று. ஆனால் பைக்கோடு ஆளையும் எரிக்கக்கூடிய சாமானும் அதுதான்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். வரலாறு என்றால் அரசர்களின் பட்டியல் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கையில் கிடைக்கும் எந்தப் பொருளுக்கும் வரலாறு உண்டு. அந்த வரலாறு தெரியாவிட்டால் சிலநேரம் அந்தப் பொருளே நம்மைத் தண்டித்துவிடும். இந்த ஹோஸ் அதற்கு நல்ல உதாரணம். அதன் கதையில் நம்ம நாட்டுக்கும், நம்ம கேகாலை மாவட்டத்து இறப்பர் மரங்களுக்கும்கூட ஒரு பங்கு இருக்கிறது.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். பி.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரயம்ப் போன்ற பைக்குகள் ஓடத் தொடங்கிய காலத்தில் பெற்றோல் வந்தது பெரும்பாலும் செப்புக் குழாயில். செப்பு பெற்றோலில் கரையாது, ஊதாது. ஆனால் அதற்கு வேறொரு பலவீனம் இருந்தது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஓடும்போது பைக் முழுக்க அதிரும். செப்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அது இறுகிப்போய் ஒரு கட்டத்தில் முறியும் அல்லவா? அதேபோல அதிர்வினால் குழாயும் மூட்டுக்குப் பக்கத்தில் வெடித்துவிடும். இதற்காகத்தான் அக்காலத்துப் பொறியியலாளர்கள் செப்புக் குழாயின் நடுவில் பன்றி வால்போல ஒரு சுருள் வைத்தார்கள். பழைய படங்களில் அந்தச் சுருளைக் காணலாம். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் அது அழகுக்காக வைத்ததல்ல, அதிர்வை வாங்கிக்கொள்ள வைத்தது.

வளையும் குழாய் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அப்படியானால் இறப்பர் குழாய் போட வேண்டியதுதானே?

இங்கேதான் நம்ம நாடு கதைக்குள் வருகிறது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டனில் உள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி, கிட்டத்தட்ட 1,900, அதே வருடம் கண்ணாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலில் இலங்கைக்கு வந்தது. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவில் அவற்றை நட்டார்கள். கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி என்று இன்றைக்கு நாம் காணும் இறப்பர் தோட்டங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. நம்ம ஊரில் அதிகாலையில் பால் வெட்டப் போகிறவர்களின் தொழிலும், புகைவீட்டில் தொங்கும் சீட்டுகளும், ஒட்டுப்பாலின் அந்த மணமும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான்.

பாலை உறைய வைத்து எடுத்த வெறும் இறப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகும் என்பதை அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தார். டயர், டியூப், தண்ணீர்க் குழாய் எல்லாம் அதன் பிறகு வந்தவை. ஆனால் கந்தகம் சேர்த்தும் ஒரு குறை தீரவில்லை. இயற்கை இறப்பர் பெற்றோலைத் தாங்காது.

காரணம் எளிது. இயற்கை இறப்பரும் காபனும் ஐதரசனும் சேர்ந்தது, பெற்றோலும் காபனும் ஐதரசனும் சேர்ந்தது. இனம் இனத்தோடு சேரும். பெற்றோல் இறப்பருக்குள் புகுந்துவிடும். சாதாரண இறப்பர் பட்டி ஒன்று ஒரு இரவு பெற்றோலில் கிடந்தால் ஊதிப் பெருத்துவிடும். பிறகு மெல்ல இழுத்தாலும் அறுந்துவிடும். உலகத்துக்கே டயர் கொடுத்த நம்ம இறப்பரால் ஒரு முழம் பெற்றோல் குழாயாக இருக்க முடியவில்லை.

இதற்கு விடை 1930களில் வந்தது. அமெரிக்காவின் டியூபோன்ட் கம்பனி 1931இல் நியோப்பிரீன் என்ற செயற்கை இறப்பரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜேர்மனியில் இன்னொரு செயற்கை இறப்பர் பிறந்தது. அதற்குப் புனா-என் என்று பெயர் வைத்தார்கள். நாம் இன்றைக்கு நைட்ரைல் என்று சொல்வது இதைத்தான். அதன் மூலக்கூறில் நைதரசன் அடங்கிய ஒரு பகுதி இருக்கிறது. அதனால் பெற்றோல் அதைத் தன் இனமாகப் பார்ப்பதில்லை, உள்ளே புகக் கஷ்டப்படுகிறது. ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் வாங்கும் நல்ல கறுப்பு ஹோஸின் உள்சுவர் பெரும்பாலும் நைட்ரைல்தான்.

இரண்டாம் உலகப் போரில் இந்த இரண்டு இறப்பர்களும் ஒரே இடத்தில் வேலை செய்த அதிசயமும் நடந்தது. போர் விமானங்களின் எரிபொருள் டாங்கிக்குள் நைட்ரைல் போன்ற செயற்கை இறப்பரால் ஒரு படை, அதற்கு வெளியே இயற்கை இறப்பரால் ஒரு படை. துப்பாக்கிக் குண்டு டாங்கியைத் துளைத்தால் பெற்றோல் வெளியே கசியும். அது பட்டவுடன் இயற்கை இறப்பர் ஊதிப் பெருத்து ஓட்டையைத் தானே அடைத்துவிடும்! ஹோஸில் குறையாக இருந்த அதே குணம் விமானியின் உயிரைக் காத்தது. 1942இல் மலாயாவையும் கிழக்கிந்தியத் தீவுகளையும் ஜப்பான் பிடித்த பிறகு, நேச நாடுகளின் கையில் மிஞ்சிய இயற்கை இறப்பரில் முக்கிய பங்கு இலங்கையுடையது. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று அளவுக்கு மீறிப் பால் வெட்டிய காலம் அது.

போர் முடிந்தது. வளையும் ஹோஸ் சாதாரணமானது. ஆனால் கதை முடியவில்லை. ஹோஸ் மாறிய பிறகு பெற்றோல் மாறத் தொடங்கியது. நம்ம கராஜ்களில் பலரும் கவனிக்காத பகுதி இதுதான்.

பெற்றோலில் ஈயம் கலந்தால் எஞ்சின் தட்டாது என்பதை 1921இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். பல தசாப்தங்களாக உலகமே ஈயப் பெற்றோலில் ஓடியது. பிள்ளைகளின் மூளையை ஈயம் பாதிக்கிறது என்பது தெளிவான பின் ஒவ்வொரு நாடாக அதை நிறுத்தியது. இலங்கை 2002இல் நிறுத்தியது. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. நல்ல முடிவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஈயம் போன இடத்தை நிரப்ப தொலுயீன், சைலீன் போன்ற பொருட்களின் அளவைப் பல நாடுகளில் கூட்டினார்கள். அவை இறப்பரை அதிகமாக ஊத வைப்பவை. இப்போது எதனோலும் வந்துவிட்டது. இந்தியா 2022இல் 10 வீதக் கலப்பை எட்டி, 2025இல் 20 வீதத்துக்குப் போய்விட்டது. 1960களின் பெற்றோலுக்காகச் செய்த ஹோஸுக்கு இவை எல்லாம் புதிய எதிரிகள்.

மாற்றம் எதிர்த் திசையில் வந்தாலும் கசியும். 1993இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் அறிமுகமானபோது பழைய வாகனங்கள் பல திடீரென்று கசியத் தொடங்கின. பழைய டீசலில் ஊதிப் பழகிய நைட்ரைல் சீல்கள், புதிய டீசலில் சுருங்கி இடைவெளி விட்டதுதான் காரணம். அதாவது, பழைய இறப்பர் ஒரு எரிபொருளுக்குப் பழகிவிடும். எரிபொருள் மாறினால் அது தாங்காது.

காய்ந்தாலும் இதே நிலைதான். பெற்றோல் நனைத்து வைத்திருந்த ஹோஸ், பைக் மாதக்கணக்கில் சும்மா நின்றால் காய்ந்து சுருங்கி வெடிக்கும். 2022ஐ நினைத்துப் பாருங்கள். கியூவில் நின்று, கியூஆர் கோட் காட்டி, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் வாங்கிய காலம். எத்தனை பைக்குகள் வெறும் டாங்கியோடு முற்றத்தில் நின்றன! அப்போது காய்ந்த ஹோஸ்கள் இன்றும் பல பைக்குகளில் இருக்கின்றன. அதற்கு முன் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 வரைக்கும் புதியது வரவில்லை. ஆகவே நம்ம ஊரில் பழைய பைக் என்பது கண்காட்சிக்கு வைக்கும் பொருள் மட்டுமல்ல. சம்பாத்தியத்துக்குப் போவதும் அதில்தான், பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுவருவதும் அதில்தான்.

பாடசாலை விடும் நேரத்தில் கேட்டடியில் நிற்கும்போது அந்தப் பைக்குகளை நான் பார்ப்பேன். போன தவணையில் ஒரு பெரியவரின் பழைய ஹொண்டாவில் பெற்றோல் ஹோஸுக்குப் பதிலாக ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய் பூட்டியிருந்தது. மஞ்சளாகி, விறைத்து, சைலன்சருக்கு நான்கு விரல் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளையை அவர் டாங்கிக்கு மேல் வைத்துத்தான் கொண்டுபோவார். "நானா, இது பெற்றோலுக்குரிய குழாய் இல்லை" என்றேன். "பாஸ்தானே தம்பி போட்டுத் தந்தார். உள்ளுக்குப் பெற்றோல் ஓடுறதும் தெரியுது, நல்லதுதானே" என்றார். அவர் மேல் பிழை இல்லை. இது ஒரு ஊரின் பழக்கம் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

சேலைன் குழாய், மீன்தொட்டிக் குழாய் எல்லாம் பெரும்பாலும் பி.வி.சி. அது இயல்பில் கடினமான பிளாஸ்டிக். வளைய வேண்டும் என்பதற்காக மென்மையாக்கும் ஒரு பொருளைக் கலக்கிறார்கள். பெற்றோல் அந்தப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது பழைய கடினப் பிளாஸ்டிக். அது அதிர்வில் வெடிக்கும், முனையில் கழரும். வடிவான நிறங்களில் விற்கும் சாதாரண சிலிக்கன் குழாயும் பெற்றோலுக்கு ஆகாது. அது தண்ணீருக்கும் சூட்டுக்கும் நல்லது, அவ்வளவுதான்.

பெற்றோல் மைனஸ் 40 பாகையில்கூடத் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம். ஆகவே மேலே போகாது, கீழே இறங்கிச் சூடான எஞ்சினைச் சுற்றி நிற்கும். ஒரு தீப்பொறி போதும்.

சரி, மாற்றுவது எப்படி? கராஜுக்குக் கொடுத்தாலும் இதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

1. எஞ்சின் ஆறிய பிறகு, வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பெற்றோல் டெப்பை மூடி, ஹோஸில் உள்ளதை ஒரு பாத்திரத்தில் வடியுங்கள். பக்கத்தில் சிகரட், விளக்கு எதுவும் வேண்டாம்.

2. இறுகிய பழைய ஹோஸை இழுக்காதீர்கள். பழைய டெப்பின் மூக்கு மெல்லிய பித்தளை, வளைந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறிக் கழற்றுங்கள்.

3. உள்விட்டம் சரியாக இருக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் பைக்குகளில் பெரும்பாலும் கால் அங்குலம். சிறிய ஜப்பான் பைக்குகளில் அதைவிடக் குறையும். பழைய துண்டைக் கையில் கொண்டுபோய் வாங்குங்கள்.

4. ஹோஸின் மேல் எழுதியிருப்பதை வாசியுங்கள். எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்7 என்றால் காபரேட்டர் பைக்குக்குப் போதும். ஆர்9 என்றால் எதனோலுக்கும் தாங்கும் உள்சுவர். ஒன்றுமே எழுதாத ஹோஸை நம்ப வேண்டாம்.

5. ஹோஸ் டாங்கியிலிருந்து காபரேட்டர் வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். இந்தப் பைக்குகளில் பம்ப் இல்லை, பாரத்தால்தான் பெற்றோல் இறங்குகிறது. நடுவில் மேலே ஏறி இறங்கினால் காற்று அடைத்து எஞ்சின் நிற்கும். சிலிண்டரிலும் சைலன்சரிலும் முட்டக்கூடாது. அதிர்வுக்காகக் கொஞ்சம் தளர்வு விடுங்கள், அந்தக் காலத்துச் செப்புச் சுருளைப் போல.

6. இரண்டு முனைக்கும் கிளிப் போடுங்கள். இஸ்குறுப்பு ஹோஸ் கிளிப்பை 1921இல் உருவாக்கியவர் ஒரு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. நல்ல சாமான்தான், ஆனால் மெல்லிய ஹோஸில் அதிகம் இறுக்கினால் வெட்டிவிடும். ஸ்பிரிங் கிளிப் பாதுகாப்பு. கம்பி சுற்றுவது வேண்டாம்.

7. டெப்பைத் திறந்து, கீழே ஒரு காகிதம் விரித்து, பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். காகிதம் காய்ந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட் பண்ணுங்கள்.

பழைய பைக் பிரியர்கள் சிலர், அசல் ஹோஸை மாற்றினால் பைக்கின் பெறுமதி குறையும் என்பார்கள். செப்புக் குழாயானால் கழற்றிச் சுத்தம் செய்து, வெடிப்பு இல்லையென்றால் திரும்பப் பூட்டலாம். இறப்பரில் அசல் என்று ஒன்று இல்லை. அந்தக் காலத்திலேயே அதை மாற்ற வேண்டிய சாமானாகத்தான் செய்தார்கள். ஆசையாக இருந்தால் பழையதை அலுமாரியில் வையுங்கள், பைக்கில் வைக்காதீர்கள்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பொருள் தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கலாம், அது எதற்காகப் பிறந்தது என்று கேளுங்கள். நம்ம தோட்டத்து இறப்பர் பாதையில் டயராக ஓடப் பிறந்தது. சேலைன் குழாய் நோயாளிக்கு மருந்து ஏற்றப் பிறந்தது. பெற்றோலுக்கென்று பிறந்த ஹோஸ் வேறு.

இன்றைக்கு அஸருக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கி உங்கள் பைக்கின் ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தாலோ, வெடிப்புத் தெரிந்தாலோ, விரலில் பெற்றோல் மணத்தாலோ நாளைக்கு என்று வைக்காதீர்கள். ஹோஸ் வாங்கத் தெரியாத பெரியவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் இளைஞர்கள் நீங்களே ஒரு முழம் வாங்கி மாற்றிக் கொடுங்கள். பாஸ்மார் யாராவது இதை வாசித்தால், உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள், நாங்களும் படித்துக்கொள்கிறோம்.