அழகு முடியும் நிற மதிலும்

ஒரு தேசத்தின் அழகு எது என்று தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்கு உண்டு? 'மிஸ் அமெரிக்கா' போட்டியின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

இப்போட்டி வணிகரின் கணக்கேட்டில் பிறந்தது. நியூ ஜேர்சி மாநிலத்து அத்திலாந்திக் நகரம் கடற்கரை உல்லாசத்தை நம்பி வாழ்ந்த ஊர். செப்டெம்பர் முதல் வாரத்துத் தொழிலாளர் தின விடுமுறை கழிந்ததும் அதன் ஹோட்டல்கள் வெறிச்சோடும். உல்லாசப் பயணிகளை மேலும் சில நாள் நிறுத்திவைக்க வழி தேடியவர்கள், 1921இல் நீச்சலுடை அழகிகளைத் திரட்டினர். வாஷிங்டனிலிருந்து வந்த 16 வயது மார்கரெட் கோர்மன் வென்றார்.

ஹோட்டல் அறைகளை நிரப்ப வந்த அழகு, விரைவிலேயே தேசத்தின் அழகாயிற்று. அத்தேசத்திலோ யாவர்க்கும் இடமிருக்கவில்லை. போட்டியாளர் வெள்ளை இனத்தவராய் இருத்தல் வேண்டும் என 1930களில் விதியே எழுதிவைத்தனர்.

1945இல் பெஸ் மையர்சன் மேடையேறினார். வீடுகளுக்கு வர்ணம் பூசும் யூதத் தொழிலாளியின் மகள் அவர். யூதப் பெயரை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டபோது மறுத்தார், முடியையும் வென்றார். நாஸி வதைமுகாம்களின் கொடுமையை உலகம் கண்ணாரக் கண்ட ஆண்டு அது. எனினும் விளம்பர நிறுவனங்கள் சில அவரை ஒதுக்கின. அவர் நாடெங்கும் சென்று இனப்பகைக்கு எதிராகப் பேசலானார்.

வெள்ளையர் விதி பின்னர் நீக்கப்பட்டது. மதில் மட்டும் நின்றது. 1968 செப்டெம்பர் 7ஆம் நாள் அதே நகரில் இரு எதிர்ப்புகள் எழுந்தன. மண்டபத்தின் வெளியே திரண்ட பெண்கள் ஓர் ஆட்டுக்கு முடிசூட்டி, இறுக்கு உடைகளையும் பொய் இமைகளையும் குப்பைத் தொட்டியில் வீசினர். போட்டியின் நிறவெறியையும், வியட்நாம் யுத்தத்துக்கு அது செய்த ஊழியத்தையும் கண்டித்தனர். அன்று மார்புக் கச்சைகள் எரிக்கப்பட்டன என்பது பிற்காலக் கட்டுக்கதை. அதே இரவு, சற்றுத் தொலைவில், கறுப்பின அமெரிக்கர் தமக்கென நடத்திய போட்டியில் சோன்ட்ரா வில்லியம்ஸ் முடிசூடினார். முன்னவர்கள் முடியையே வெறுத்தனர். பின்னவர்கள் மறுக்கப்பட்ட மதிப்பைக் கோரினர். இரு குரல்களும் ஒரே அநீதியின் இரு முகங்களைக் காட்டின.

1970இல் அயோவா மாநிலத்தின் சார்பில் ஷெரில் பிரவுன் இறுதி மேடைக்கு வந்த முதற் கறுப்பினப் பெண்ணானார். 1983இல் வனெசா வில்லியம்ஸ் முடிசூடிய முதற் கறுப்பினப் பெண்ணானார். முன்னர் எடுக்கப்பட்ட நிர்வாணப் படங்களை அவரது சம்மதமின்றி ஒரு சஞ்சிகை வெளியிட முனைந்தபோது, 1984 ஜூலையில் பதவி துறக்க நேர்ந்தது. சஞ்சிகை லாபம் ஈட்டியது, தண்டனை பெண்ணுக்கு. அமைப்பின் தலைவர் மேடையில் மன்னிப்புக் கோர 2015 வரை காலம் சென்றது. நீச்சலுடைச் சுற்று 2018இல் கைவிடப்பட்டது.

வாயிலில் நின்று தட்டியவர்களே ஒவ்வொரு கதவையும் திறந்தனர். சந்தை, திறந்த கதவையும் தன் விளம்பரமாக்கிக்கொண்டது. தேசத்தின் பெயரால் ஒரு முகம் உயர்த்தப்படும்போதெல்லாம், விலக்கப்பட்ட முகங்கள் எவை எனக் கேட்பதே வரலாறு பயில்வோர் கடன்.