மலாக்காவின் இரண்டு தமிழ்க் குடிகள்: ஒன்றிடம் தமிழ் போனதும் மற்றொன்றிடம் நின்றதும்



மலாக்கா பட்டணத்துக்குப் போனால் நம்மில் பலர் ஜொங்கர் தெருவில் சென்டோல் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை பக்கத்துத் தெருவுக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். அதன் பெயர் ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு. அங்கே ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. 1781-இல் டச்சு அரசு கொடுத்த நிலத்தில் எழுந்த கோயில் அது. நிலத்தைப் பெற்றவர் தெய்வநாயகம் செட்டி, அன்றைய செட்டி சமூகத்தின் தலைவர். சில அடி தள்ளி 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். இன்னும் கொஞ்சம் நடந்தால் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயில்.

இந்தத் தெருவைப் பற்றி நாலாம் படிவத்தில் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், கோயில் கட்டுனவங்க தமிழங்கன்னா, அவங்க பேரப்பிள்ளைங்க ஏன் இப்போ தமிழ் பேசல?"

பாடநூலில் இதற்கு நேரடியான பதில் இல்லை. அந்த மாணவிக்குச் சொன்ன பதிலை விரித்து எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

கடல் வழி வந்தவர்கள்

மலாக்கா சுல்தானகம் 1400-ஐ ஒட்டித் தோன்றியது. அதன் துறைமுகத்தில் வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களுக்கும், வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கும் சேர்த்து ஒரு ஷாபண்டார் பொறுப்பு. தமிழ் வணிகர் கொண்டு வந்தது பெரும்பாலும் துணி. வாங்கிப் போனது வாசனைப் பொருள்கள். பருவக்காற்று மாறும்வரை கப்பல் திரும்ப முடியாது. அதனால் மாதக்கணக்கில் இங்கேயே தங்கினார்கள். தங்கியவர்களில் பலர் இங்கேயே மணம் முடித்துக் குடும்பமானார்கள்.

1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது நினா சாத்து என்ற இந்து வணிகருக்குப் பெண்டஹாரா பதவி கொடுத்தார்கள். 1514-இல் அந்தப் பதவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவமானம் தாங்காமல் அவர் தீயில் இறங்கி உயிர்விட்டதாகப் போர்த்துகீசியப் பதிவுகள் சொல்கின்றன. அந்தக் காலத்தில் இந்த வணிகர்களுக்கு ஊரில் எவ்வளவு செல்வாக்கு இருந்தது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

கணக்குக்குத் தமிழ்

முன்ஷி அப்துல்லாவை மலாய் இலக்கியம் படிக்கும் மாணவர்கள் அறிவார்கள். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர், 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். தம் வாழ்க்கை வரலாறான 'ஹிக்காயாத் அப்துல்லா'வில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். சிறுவயதில் அவருடைய தந்தை அவரைத் தமிழ் படிக்க ஆசிரியரிடம் அனுப்பினாராம். வசதியுள்ள மலாக்காக் குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கமாம். கணக்கு வழக்குக்கும் வணிகர்களோடு பேசுவதற்கும் அது தேவைப்பட்டது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் தமிழ் பிழைப்புக்கு உதவும் மொழி. தாய்மொழி வேறாக இருந்தவர்களும் காசு கொடுத்துக் கற்றார்கள். இந்த உறவின் தடம் மலாய் மொழியில் இன்னும் இருக்கிறது: கெடாய் (கடை), மோடால் (முதல்), கப்பால் (கப்பல்), பெத்தி (பெட்டி), காத்தில் (கட்டில்), கோலாம் (குளம்). பட்டியலை உற்றுப் பாருங்க. கடை, முதல், கப்பல், பெட்டி எல்லாமே வியாபாரியின் சொற்கள்.

மொழி எப்படிப் போனது?

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். மலாக்கா செட்டிகள் என்று நாம் சொல்லும் சமூகம் இன்று காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியை மையமாகக் கொண்டது. அங்கே 1822-இல் கட்டப்பட்ட ஸ்ரீ முத்து மாரியம்மன் கோயில் இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவை அவர்கள் 'டத்தோ சாச்சார்' என்று அழைக்கிறார்கள். 'சாச்சார்' என்றால் அம்மை நோய். பொங்கலுக்கு முதல் நாள் போகியன்று மறைந்த முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கிறார்கள். அதன் பெயர் 'பார்ச்சு'. பெயருக்குப் பின்னால் பிள்ளை, செட்டி, நாயக்கர் போன்ற பட்டங்கள் இன்னும் வருகின்றன. ஆனால் வீட்டுப் பேச்சு மலாய். பெண்கள் விழா நாளில் உடுத்துவது சாரோங் கெபாயா.

சாமி, பண்டிகை, பட்டப்பெயர் எல்லாம் தங்கின; மொழி மட்டும் போய்விட்டது. ஏன்?

முதல் காரணம் வீடு. தொடக்கத்தில் வந்தவர்கள் ஆண்கள். அவர்கள் மணந்தது மலாய், ஜாவா, சீனப் பெண்களை. பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடியவள் அந்தத் தாய். ஆகவே பிள்ளையின் முதல் மொழி மலாய்.

இரண்டாவது காரணம் தொழில். 1641-இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைக் கைப்பற்றினார்கள். அவர்களுக்குத் தலைமையிடம் பத்தாவியா. வணிகத்தைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டார்கள். செட்டிகளில் பலர் வியாபாரத்தை விட்டு விவசாயத்துக்குப் போனார்கள். பட்டணத்தை விட்டு காஜா பெராங் பக்கம் குடியேறினார்கள். பிறகு 1819-இல் சிங்கப்பூர்த் துறைமுகம் வந்தது. மலாக்காவின் பழைய வணிகம் இன்னும் சுருங்கியது. தமிழில் கணக்கு எழுதுவதற்கான தேவையும் அதோடு சுருங்கியிருக்கும்.

மூன்றாவது காரணம் பள்ளி. அப்துல்லா காலத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இருந்தார். ஆனால் அது வியாபாரத்தை நம்பி நின்ற கல்வி. வியாபாரம் போனதும் அதைத் தாங்கிப் பிடிக்க வேறு ஆளில்லை.

ஆகவே செட்டிகளுக்கு மொழிப்பற்று இல்லை என்று எழுதிவிடாதீங்க. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கோயிலைக் காத்தவர்கள் அவர்கள். பற்று இருந்தும், வீடு, தொழில், பள்ளி மூன்றும் இல்லாமல் மொழி நிற்க முடியவில்லை. இதுதான் என் வாதம்.

பால்மரத்துக்கு வந்தவர்கள்

1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. பின்னர் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் ரப்பர் போட்டார். அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் ரப்பர் மலாயா முழுவதும் பரவியது. அதற்கு ஆள் தேவைப்பட்டது. நம்ம தாத்தா பாட்டிகள் வந்தது அப்போதுதான்.

முதலில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. 1910-இல் அதற்கு ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. கங்காணி முறை நிலைத்தது. 1907-இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது. கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய் உறவுக்காரர்களையும் அக்கம்பக்கத்தவர்களையும் அழைத்து வந்தார். கங்காணி முறையின் கடனும் கொடுமையும் தனிக் கட்டுரைக்குரியவை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: கணவன் மனைவியாக, அண்ணன் தம்பியாக, ஓர் ஊரே பெயர்ந்து வந்து ஒரே லயத்தில் குடியேறியது.

தோட்டத்தின் ஒரு நாளை நினைத்துப் பாருங்க. விடியுமுன் பெரட்டு. கிராணி பெயர் கூப்பிடுவார். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் வெயில் ஏறுமுன் மரம் சீவ வேண்டும். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில். லயத்தின் ஒரு பக்கம் மாரியம்மன் கோயில், இன்னொரு பக்கம் கள்ளுக்கடை, நடுவில் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி.

வீடு தமிழ். வேலைக்களம் தமிழ்; மண்டோரும் கங்காணியும் ஏசியதுகூடத் தமிழில். பள்ளி தமிழ். மூன்றும் ஒரே வளைவுக்குள் இருந்தன. அதனால்தான் கூலிக்கு வந்த ஏழை மக்களிடம், செல்வ வணிகரிடம் நிற்காத மொழி நின்றது. அந்த வளைவு அவர்களைப் பட்டணத்திலிருந்தும், நல்ல படிப்பிலிருந்தும் பிரித்தே வைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. மொழியைக் காத்த அதே வேலிதான் முன்னேற்றத்தையும் தடுத்தது.

தோட்டம் போன பிறகு

1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். பிள்ளைகள் பத்து பெரெண்டாம், ஆயர் கெரோ பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். குடும்பங்கள் தாமான்களுக்கு மாறின.

மலாக்காவில் இன்று 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சிலவற்றின் பெயரில் இன்னும் 'லாடாங்' என்ற சொல் இருக்கிறது. புக்கிட் லிந்தாங் என்ற பெயரிலும் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு. 1896-இன் முதல் ரப்பர் தோட்டத்தின் பெயர் இன்று ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரில் நிற்கிறது.

இப்போது கணக்குப் போடுவோம். தொழிலில் தமிழ் பெரும்பாலும் இல்லை. வீட்டில் பாதி மலாய், பாதி ஆங்கிலம் கலந்துவிட்டது. மிச்சம் இருப்பது பள்ளி. அதுவும் ஆறாம் ஆண்டு வரைதான் உறுதி. இடைநிலைப்பள்ளியில் நிலைமை வேறு. 1996 கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும். 14 பேர் என்றால் சட்டம் துணைக்கு வராது. எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கும் ஒரு மாணவர் பதினைந்தாவது ஆளாகவும் இருக்கலாம்.

தேர்வில் கவனம்

மாணவர்கள் அடிக்கடி செய்யும் மூன்று தவறுகளைச் சொல்கிறேன்.

1. மலாக்கா செட்டிகளும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் ஒன்றல்ல. முதலாமவர் சுல்தானகக் காலத்து வணிகர் வழி வந்தவர்கள். இரண்டாமவர் 19-ஆம் நூற்றாண்டில் வட்டித் தொழிலுக்கு வந்தவர்கள். செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்தோடு தொடர்புடையவர்கள் இரண்டாமவர்.

2. மலாக்கா 1826 முதல் நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டும் என்ற 1923 தொழிலாளர் சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களுடையது. பக்கத்து நெகிரி செம்பிலானுக்கு அதை எழுதலாம். மலாக்காவுக்கு அப்படியே எழுதாதீங்க.

3. தமிழர் அனைவரும் ரப்பருக்காக வந்தவர்கள் என்று தொடங்காதீங்க. பொற்கொல்லர் தெருக் கோயில், முதல் வணிக ரப்பர் தோட்டம் போடுவதற்கு 115 ஆண்டுகள் முன்பே கட்டப்பட்டுவிட்டது.

வகுப்புக்கு ஒரு வேலை

ஆசிரியர்களே, இந்தப் பாடம் முடிந்ததும் மாணவர்களை வீட்டுக்கு ஒரு கேள்வியோடு அனுப்புங்கள்: "தாத்தா, பாட்டி, நீங்க எந்தத் தோட்டம்?" தோட்டத்தின் பெயர், பெரட்டு நேரம், பள்ளியில் எத்தனை வகுப்பு இருந்தது, கடைசியாக எப்போது வெளியேறினார்கள். இந்த நான்கையும் எழுதி வரட்டும். மங்கு, காண்டா, ஒட்டுப்பால், பெரட்டு போன்ற சொற்களையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டி பேச மாணவர் கேட்டு எழுதும் அந்த அரைமணி நேரம் வீட்டில் தமிழ் நடக்கும்.

கேள்வி கேட்ட மாணவி அடுத்த வாரம் அந்தத் தாளோடு வந்தாள். அவளுடைய பாட்டி ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். தாளின் கடைசியில் அவளே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "டீச்சர், பாட்டி இவ்ளோ நேரம் என்கிட்ட பேசுனதே இதான் முதல் தடவை."