அம்மாவின் வேதாகமம்

அடையாறில் சுவிசேஷச் சபையொன்றில் வளர்ந்த இளைஞர் ஒருவர், சில மாதங்களாகச் சாந்தோம் பேராலயத் திருப்பலிக்கு வந்தபின் என்னிடம் கேட்டார்: "நான் கத்தோலிக்கனானால், அம்மா சொல்லித்தந்த ஜெபமெல்லாம் பொய்யென்றாகிவிடுமா, ஃபாதர்?"

திருச்சபை வரலாறே இதற்கு விடை தருகிறது. இங்கிலாந்தின் ஜான் ஹென்றி நியூமன் 1816-இல், தம் பதினைந்தாம் வயதில், சுவிசேஷ மரபின் வழியே மனமாற்றம் அடைந்தவர். பின்னர் ஆங்கிலிக்கன் குருவாகி, ஆக்ஸ்ஃபோர்டில் திருச்சபைத் தந்தையரின் நூல்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஆதித் திருச்சபையின் தொடர்ச்சியைக் கத்தோலிக்கத்தில் கண்டார். 1845 அக்டோபர் 9-இல் லிட்டில்மோரில் அருள்தந்தை தொமினிக் பார்பெரி அவரை ஏற்றுக்கொண்டார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது: நண்பர் பலர் விலகினர்; உயிராய் நேசித்த ஆக்ஸ்ஃபோர்டை விட்டே வெளியேறினார்.

ஆயினும் 1864-இல் எழுதிய தன்வரலாற்றில், சுவிசேஷ மரபினரான தாமஸ் ஸ்காட்டின் எழுத்துகளுக்குத் தம் ஆன்மாவே கடன்பட்டதென ஒப்புக்கொண்டார். பெற்றதை அவர் மறுக்கவில்லை. அதன் நிறைவைத் தேடினார். அவரையே திருச்சபை 2019-இல் புனிதராகவும், 2025-இல் மறைவல்லுநராகவும் அறிவித்தது. பிற சபையாரிடமும் தூய ஆவியார் செயலாற்றுகிறார் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கற்பித்தது.

இளைஞரிடம் சொன்னேன்: "அவசரம் வேண்டாம், தம்பி. நியூமனும் ஆண்டுக்கணக்கில் செபித்துக் காத்திருந்தார். நீ வரும் நாளில், அம்மா தந்த வேதாகமத்தையும் கையோடு கொண்டு வா."