அண்ணனோட கைடு உங்களுக்கு ஒத்துவராது! புதுச்சேரி ப்ளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு கெமிஸ்ட்ரி வழிகாட்டி

சேதராப்பட்டிலிருந்து மயிலம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு வந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்கள் சித்தி பையனும் ப்ளஸ் டூதான், நீங்களும் ப்ளஸ் டூதான். ஆனால், கெமிஸ்ட்ரி புக் வேற, கேள்வித்தாள் வேற, மார்க் போடும் விதமும் வேற. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ-க்கு மாறத் தொடங்கின. 2025-ல் முதல் செட் ப்ளஸ் டூ மாணவர்கள் அந்தத் தேர்வை எழுதினார்கள். அதற்கு முன் இங்கே படித்த அண்ணன், அக்காக்கள் எல்லாம் ஸ்டேட் போர்டு. அதனால், வீட்டிலும் தெருவிலும் உங்களுக்குக் கிடைக்கும் அட்வைஸில் பாதி, பழைய கேள்வித்தாளுக்கானது.

அதில் முக்கியமான அட்வைஸ், "ரெண்டு யூனிட்டை சாய்ஸ்ல விட்டுடு" என்பது. ஸ்டேட் போர்டில் 2 மார்க் பகுதியில் 9 கேள்வி கொடுத்து 6 எழுதச் சொல்வார்கள். 3 மார்க்கிலும் அப்படியே. எனவே, பிடிக்காத யூனிட்டைத் தள்ளிவிட்டுத் தப்பிக்கலாம். சி.பி.எஸ்.இ-யில் மொத்தம் 33 கேள்வி; 33-க்கும் பதில் எழுத வேண்டும். சில கேள்விகளுக்குள் மட்டும் 'இது அல்லது அது' என்று சாய்ஸ் இருக்கும். விட்ட பாடம் எங்கே வந்து நிற்கும் என்று சொல்லவே முடியாது.

70 மார்க் எப்படிப் பிரிகிறது?

ஒரு மார்க் கேள்விகள் 16. இதில் கடைசி நான்கும் 'கூற்று - காரணம்' வகை. இரண்டு வரியுமே சரியாக இருக்கும், ஆனால் இரண்டாவது முதல் வரிக்குக் காரணமாக இருக்காது. அங்கேதான் மாட்டுவோம். அடுத்து 2 மார்க் 5, 3 மார்க் 7, ஒரு பத்தியைக் கொடுத்துக் கேட்கும் 4 மார்க் 2, கடைசியாக 5 மார்க் 3.

அண்ணனின் புத்தகத்தில் 15 யூனிட் இருந்தது. உங்களுக்கு 10-தான். உலோகவியல், பி-தொகுதி, திடநிலை, புறப்பரப்பு வேதியியல் எதுவும் உங்கள் ப்ளஸ் டூ சிலபஸில் கிடையாது. பழைய கைடை வைத்துக்கொண்டு அவற்றைப் படித்தால் நேரம்தான் வீண்.

இருக்கும் பத்தில் எலெக்ட்ரோகெமிஸ்ட்ரிக்குத்தான் அதிகம், 9 மார்க். ஆல்டிஹைடு - கீட்டோன் - கார்பாக்ஸிலிக் அமிலத்துக்கு 8. கரைசல்கள், வேதிவினை வேகவியல், டி மற்றும் எஃப் தொகுதி, அணைவுச் சேர்மங்கள், உயிர் மூலக்கூறுகள் தலா 7. ஹாலோ ஆல்கேன், ஆல்கஹால், அமீன் பாடங்கள் தலா 6. ஆர்கானிக்கையும் உயிர் மூலக்கூறுகளையும் சேர்த்தால் 33 வருகிறது. "ஆர்கானிக் எனக்கு வராதுப்பா" என்று ஒதுங்கினால் கிட்டத்தட்ட பாதித் தாள் போய்விடும்.

கணக்குக்கு கால்குலேட்டர் இல்லை

இதைக் கேட்டு பயப்பட வேண்டாம். log 2 = 0.3010, log 3 = 0.4771, இந்த இரண்டும் மனப்பாடமாக இருந்தால் 4, 6, 8, 9 எல்லாவற்றுக்கும் கூட்டியே கண்டுபிடிக்கலாம். ஒரு உதாரணம்: முதல் வகை வினை 99% முடிய ஆகும் நேரம், 90% முடிய ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு என நிரூபிக்கச் சொல்வார்கள். 90% முடிந்தால் மீதி 10; log (100/10) = 1. 99% முடிந்தால் மீதி 1; log (100/1) = 2. 2.303/k இரண்டுக்கும் பொது. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. ஃபார்முலா, மதிப்பைப் போடுவது, அலகு என்று படிப்படியாக எழுதுங்கள். கடைசி விடை தப்பானாலும் படிகளுக்கு மார்க் உண்டு.

ஆர்கானிக்கில் வினைகளை வரிசையாக ஒப்பிப்பதைவிட, கார்பன் எண்ணிக்கை என்ன ஆகிறது என்று பார்த்துப் படியுங்கள். ஹாஃப்மன் புரோமமைடு வினையில் ஒரு கார்பன் குறையும். ஆல்கைல் ஹாலைடுடன் பொட்டாசியம் சயனைடு சேர்த்தால் ஒன்று கூடும். 'இதிலிருந்து அதை உருவாக்கு' என்ற கேள்வி வந்தால், இரண்டு பக்கமும் கார்பனை எண்ணினாலே எந்த வழி என்று பாதி தெரிந்துவிடும்.

அந்தப் புத்தகத்தைத் தூக்கிப்போட வேண்டாம்

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். பத்தாவது வரை தமிழில் படித்தவர்களுக்கு என்.சி.இ.ஆர்.டி புத்தகத்தின் ஆங்கிலம் நிஜமாகவே கஷ்டம்தான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இங்கேதான் தமிழ்நாடு அரசின் தமிழ்வழிப் புத்தகம் உதவும். மின் வேதியியல், வேகவியல், அணைவுச் சேர்மங்கள், உயிர் மூலக்கூறுகள் அதன் ப்ளஸ் டூ புத்தகத்தில் இருக்கின்றன. கரைசல்களும் ஹாலோ ஆல்கேனும் ப்ளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கும், அங்கே தேடுங்கள். முதலில் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, பிறகு என்.சி.இ.ஆர்.டி-யின் வார்த்தைகளில் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்க்காமல் போனால் ஹாலில் விஷயம் தெரியும், வாக்கியம் வராது. இரண்டு புத்தகமும் இணையத்தில் இலவசம்.

மாங்காயை உப்பில் ஊறப்போட்டால் ஏன் சுருங்குகிறது? சவ்வூடு பரவல். முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு ஏன் கெட்டியாகிறது? புரதத்தின் இயல்பு திரிகிறது. இரண்டும் பரீட்சைக்கு வரக்கூடிய கேள்விகள்தான், அம்மாவின் அடுப்படியிலேயே விடை இருக்கிறது.

பிராக்டிகல் 30

வெளியிலிருந்து எக்ஸாமினர் வருவார். டைட்ரேஷனுக்கு 8, உப்புப் பகுப்பாய்வுக்கு 8, இன்னொரு சோதனைக்கு 6, புராஜெக்ட் 4, ரெக்கார்டும் வைவாவும் 4. டைட்ரேஷனில் பெர்மாங்கனேட் வந்தால் வைவாவில் கேட்பதற்கென்றே சில கேள்விகள் உண்டு. ஏன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றக் கூடாது? பெர்மாங்கனேட் அதையே ஆக்ஸிஜனேற்றி குளோரினாக்கிவிடும், அளவு தப்பாகும். ஏன் ஆக்ஸாலிக் அமிலத்தை மட்டும் சூடாக்குகிறோம்? குளிர்ந்த நிலையில் வினை மெதுவாக நடக்கும். ப்யூரெட்டில் கரைசலின் நிறம் அடர்த்தியாக இருப்பதால் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். ரெக்கார்டை ஜனவரிக்கு முன்பே முடித்துவிடுங்கள். தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 33% எடுத்தால்தான் பாஸ். ஒன்றின் மார்க் இன்னொன்றைத் தூக்கிவிடாது.

இந்த மார்க் எங்கே போகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சென்டாக் வழியாக இன்ஜினீயரிங் சேர, ப்ளஸ் டூ கணிதம், இயற்பியல் மார்க்கோடு கெமிஸ்ட்ரி மார்க்கும் கணக்கில் வரும். நீட் எழுதுபவர்களுக்கு 180 மார்க் கெமிஸ்ட்ரியில் இருந்து. ப்ளஸ் டூ பாடத்துக்கு அங்கேயும் இதே என்.சி.இ.ஆர்.டி புத்தகம்தான் அடிப்படை.

தேர்வு நாளில் 10.15-க்குக் கேள்வித்தாள் கையில் வரும், எழுதத் தொடங்குவது 10.30-க்கு. அந்தக் கால் மணி நேரத்தில் முதலில் 5 மார்க் மூன்றையும் படித்து, உள்ளே இருக்கும் சாய்ஸில் எதை எழுதுவது என்று முடிவெடுத்துவிடுங்கள். ஒருவேளை கெமிஸ்ட்ரியில் மட்டும் தவறிவிட்டால் வருடம் போய்விடாது. ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது. ரிசல்ட் வந்ததுமே அதற்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதியைப் பள்ளியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.