அரியநாத முதலியார்: நான்கு நாயக்க மன்னர்களின் தளவாய்

அரியநாத முதலியார் (ஏறத்தாழ 1520–1600) மதுரை நாயக்கர் அரசில் தளவாயாகவும் பிரதானியாகவும் பணியாற்றியவர். தளவாய் என்பது படைத்தலைமை. பிரதானி என்பது வரவுசெலவும் நிர்வாகமும் பார்க்கும் தலைமை அமைச்சர் பதவி. இவ்விரண்டு பொறுப்புகளையும் ஒருவரே நெடுங்காலம் வகித்தது நாயக்கர் வரலாற்றில் குறிப்பிடத்தக்க செய்தியாகும். தமிழகத்தில் பாளையப்பட்டு முறை உருவானதோடு இவருடைய பெயர் இணைத்துப் பேசப்படுகிறது.

இளமையும் மதுரை வருகையும்

இவர் தொண்டை மண்டலத்தைச் சேர்ந்த மெய்ப்பேடு என்னும் ஊரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் வல்லவராக இருந்த இவர் விசயநகரம் சென்று, அரண்மனைப் பணியில் சேர்ந்து உயர்ந்தார் என்பது மரபுச் செய்தி. விசயநகரப் பேரரசின் சார்பில் மதுரையை ஆள வந்த விசுவநாத நாயக்கருக்கு (1529–1564) இவர் துணையாக அமைந்தார். அவருக்குப் பின் முதலாம் கிருட்டிணப்பர் (1564–1572), வீரப்பர் (1572–1595), இரண்டாம் கிருட்டிணப்பர் (1595–1601) ஆகியோரிடமும் பணி தொடர்ந்தது.

இதே நூற்றாண்டில் இங்கிலாந்தை டியூடர் மரபினர் ஆண்டனர். அங்கு பெம்புரோக் பிரபுவான வில்லியம் எர்பர்ட் எட்டாம் என்றி, ஆறாம் எட்வர்ட், முதலாம் மேரி, முதலாம் எலிசபெத் ஆகிய நால்வரிடமும் பதவியில் இருந்தார். அரசர் மாறினாலும் அரசு நிலைப்பதற்கு இத்தகைய அனுபவசாலிகள் இரு நாடுகளிலும் தேவைப்பட்டனர்.

பாளையப்பட்டு முறை

விசுவநாத நாயக்கர் மதுரைக்கு வந்தபோது தென்பாண்டி நாடு ஒரே ஆட்சியின்கீழ் இல்லை. ஆங்காங்கே மறவர் தலைவர்களும், வடக்கிலிருந்து வந்து குடியேறிய தெலுங்கு, கன்னடத் தலைவர்களும் படை வைத்திருந்தனர். இவர்கள் எல்லோரையும் போரிட்டு அடக்குவது எளிதன்று. அடக்காமல் விட்டால் வரி வராது. இதற்கு அரியநாதர் கண்ட வழிதான் பாளையப்பட்டு.

நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பாளையமும் ஒரு தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தம் பகுதியில் வரி வாங்குவதும், காவல் காப்பதும், வழக்குத் தீர்ப்பதும், அழைத்தபோது படையுடன் வருவதும் பாளையக்காரரின் கடமைகள். வருவாயில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு என்பது பொதுவான ஏற்பாடு. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரரின் பாதுகாப்பில் விடப்பட்டது.

இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள சிவகிரி, ஊத்துமலை, சொக்கம்பட்டி, நெற்கட்டும்செவல் ஆகியவை பழைய பாளையங்களே. மலையடிவாரத்தை ஒட்டிய இம்மேற்குப் பகுதியில் மறவர் பாளையங்களும், கிழக்கே கரிசல் நிலத்தில் எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி போன்ற நாயக்கர் பாளையங்களும் அமைந்தன.

தென்காசிப் பாண்டியர்

விசுவநாதரும் அரியநாதரும் கயத்தாற்றுப் பகுதியில் 'பஞ்ச பாண்டியர்' ஐவரை வென்று பாண்டியர் ஆட்சியை முடித்தனர் என்று ஒரு கதை வழங்குகிறது. மாணவர்கள் இதைக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பராக்கிரம பாண்டியர் 1446-இல் தென்காசியில் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினார். அவர் வழியினர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இப்பகுதியில் அரசர்களாகவே கல்வெட்டுகளில் குறிக்கப்படுகின்றனர். விசுவநாதரின் ஆட்சி முடிந்த அதே 1564-இல்தான் அதிவீரராம பாண்டியர் அரியணை ஏறினார். 'நைடதம்', 'வெற்றிவேற்கை' ஆகிய நூல்களை இயற்றியவர் இவரே.

ஆகவே, பாண்டியர் அழிக்கப்படவில்லை. மதுரைக்கு அடங்கிய சிற்றரசராகத் தொடர்ந்தனர் என்பதே பொருத்தம். வென்றவரை வேரறுக்காமல், அவரவர் இடத்தில் வைத்துத் தமக்குக் கட்டுப்படச் செய்வது பாளையப்பட்டின் அடிப்படையுங்கூட. போர்ச் செலவு மிஞ்சியது; தென்காசியில் தமிழ்ப் புலமையும் தொடர்ந்தது.

ஆயிரங்கால் மண்டபம்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம் 1569-இல் அரியநாதரால் கட்டப்பட்டது. இதில் உள்ள தூண்கள் 985. மண்டப வாயிலில் குதிரைமேல் அமர்ந்த வீரராக அரியநாதரின் சிலை இன்றும் காணப்படுகிறது. மன்னருக்கு உரிய இடத்தில் ஓர் அமைச்சரின் உருவம் நிற்பது அவருடைய செல்வாக்கைக் காட்டுகிறது. 1565 சனவரியில் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் தோற்ற பிறகும் மதுரை குலையாமல் நின்றதற்கு இவரது நிர்வாகம் ஒரு காரணம்.

மதிப்பீடு

இங்கிலாந்தில் ஏழாம் என்றி 1504-இல் பிரபுக்கள் தனிப்படை வைத்துக்கொள்வதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தினார். மதுரையில் நடந்தது இதற்கு நேர்மாறு: படை வைத்திருந்த தலைவர்களுக்கு நிலமும் உரிமையும் கொடுத்து அரசோடு பிணைத்தனர். வலிமையான தளவாய் இருந்தவரை இப்பிணைப்பு உறுதியாக இருந்தது. மையம் தளர்ந்தபோது பாளையங்கள் தனித்தனி அரசுகளாக நடந்துகொண்டன. ஒன்றோடொன்று மோதவும் செய்தன. அதன் சுமை உழவர் தலையில் விழுந்தது. மேல்வரியோடு காவல் கட்டணமும் அவர்களே செலுத்த வேண்டியிருந்தது.

ஆனால், 1736-இல் மதுரை நாயக்கர் ஆட்சி மறைந்த பின்பும் பாளையங்கள் மறையவில்லை. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் ஆர்க்காட்டு நவாபையும் ஆங்கிலேயரையும் எதிர்த்தது இந்தப் பாளையப் படையைக் கொண்டுதான். 1801-இல் ஆங்கிலேயர் பாளையக்காரரின் படை பலத்தை ஒழித்தனர். 1803-இல் எஞ்சிய பாளையங்களைச் சமீன்களாக மாற்றினர். ஆகவே, அரியநாதர் வகுத்த ஏற்பாடு ஏறத்தாழ 250 ஆண்டுகள் நிலைத்தது எனலாம்.

மதுரையின் மேலாதிக்கம் குற்றாலம் வரை எட்டியதற்கு இலக்கியச் சான்றும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடியபோது, மதுரை மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு நிலம் அளித்தார். அந்நிலம் குறவஞ்சி மேடு எனப்படுகிறது.

அரியநாதர் 1600-இல் மறைந்தார். திருநெல்வேலி தளவாய் முதலியார் குடும்பத்தினர் தம்மை இவர் வழியினராகக் கூறுவர். தென்காசி வட்டாரத்தில் பழைய அரண்மனைகளையோ சமீன் ஊர்களையோ காணும் மாணவர்கள், அவற்றின் தொடக்கம் இவர் வகுத்த ஏற்பாட்டில் இருப்பதை நினைவில் கொள்ளலாம்.